கொம்பியூட்டர் ராத்தா

போன வாரம் கல்முனை டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடைக்குப் போனேன். போன வேகத்திலேயே திரும்பியும் வந்தேன். என் பழைய லெப்டொப்புக்கு வயதாகிவிட்டது. மூடியைத் திறந்தால் கீச்சென்கிறது, உள்ளே இருக்கிற விசிறி மாவு மில் போல இரைகிறது. புதியது வாங்கியாயிற்று. பழையதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றித் தர வேண்டும் என்று இரண்டையும் மேசையில் வைத்தேன். கடைக்காரர் வெள்ளை பிளாஸ்டர் துண்டு ஒன்றைக் கிழித்து நீட்டினார்.

"பேரையும் பாஸ்வேர்டையும் இதுல எழுதி ஒட்டிட்டு வெச்சிட்டுப் போங்க டீச்சர். பின்னேரம் எடுக்கலாம்."

அவருக்குப் பின்னால் தட்டில் லெப்டொப்புகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்டர். பிளாஸ்டரில் ஒரு பெண்ணின் பேர், பக்கத்தில் கொட்டை எழுத்தில் பாஸ்வேர்ட். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கண்ணாடி போடாமல் வாசிக்க முடிந்தது.

"இதுக்குள்ள எங்கட குடும்பப் படமெல்லாம் இருக்கு" என்றேன்.

"நாங்க ஒண்டும் பாக்கிறல்ல டீச்சர்" என்று சிரித்தார். அவருக்கு முன்னால் இருந்த திரையில் யாரோ ஒரு மணப்பெண், தலையில் முக்காடு இல்லாமல், கழுத்து நிறைய நகையோடு, ஒவ்வொரு படமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டையும் வாரி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் எனக்குள்ளேயே ஏசிக்கொண்டு வந்தேன். பாதிக் கோபம் அந்தக் கடைக்காரர் மேல். மீதி எங்கள் ஊர் மேல். இந்த வேலையைச் செய்ய எங்களுக்கென்று ஒருவர் இருந்தார். அவரை இல்லாமல் ஆக்கியது நாங்களேதான்.

அவருடைய பேர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைப் பிடித்து ஏசுவார். ராத்தா என்றால் எங்களுக்கு மூத்த சகோதரி. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரைக் கொம்பியூட்டர் ராத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் வீடு. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மேசை விசிறி. அந்த விசிறி எப்போதும் லெப்டொப்பைப் பார்த்துத்தான் சுழலும். வெயிலில் வந்து வியர்த்து வழிகிறவள் தன் பக்கம் திருப்பினால் கையில் தட்டுவார்.

"மனிசிக்கு வேர்த்தாத் தொடைக்கலாம். இதுக்கு வேர்த்தா ஆரு தொடைக்கிற?"

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இப்படி ஒருவர் ஏன் தேவைப்பட்டார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெளியே போனால் அபாயா, முக்காடு. கலியாண வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிற அறைக்குள் நுழைந்தால் அவையெல்லாம் ஆணியில் தொங்கும். மருதோன்றி போடும் நாளில் அந்த அறைக்குள் நடக்கிற ஆட்டத்தையும் சிரிப்பையும் எந்த ஆணும் கண்டிருக்க மாட்டான். அதைப் படம் பிடிக்காமலும் எங்களால் இருக்க முடியாது. பிடித்ததை ஃபோனில் வைத்திருக்கப் பயம். யார் கையிலும் போகும். அதனால் லெப்டொப்பில் போட்டு, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக மறைத்து வைப்போம். பிறகு ஒரு நாள் அந்த லெப்டொப் பழுதாகும். அதை ஆண்கள் இருக்கிற கடையில் எப்படிக் கொடுப்பது? மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் ஷொப்பிங் பையில் லெப்டொப்பைச் சுற்றிக்கொண்டு பெண்கள் த்ரீவீலரில் வந்து இறங்கியது அந்த ஒழுங்கையில்தான்.

முதல்முதலில் நான் போனபோதே அவரோடு எனக்குச் சண்டை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள்கள் குவிந்து கிடந்த நேரம். லெப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு, "நான் பொறகு வாறன் ராத்தா" என்று திரும்பினேன்.

"எங்க போறா? இரி."

"எனக்கு வேல இருக்கு ராத்தா."

"அப்ப வேல முடிஞ்சி வா. லெப்டொப்பத் தூக்கிட்டுப் போ. சொந்தக்காரி இல்லாம நான் ஒண்டையும் திறக்கமாட்டன்."

என்ன திமிர் என்று நினைத்தேன். இருந்தேன். இதில் என்ன என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டார். "எல்லாம்" என்றேன்.

"எல்லாம் எண்டு ஒரு சாமான் உலகத்தில இல்ல. ஒவ்வொண்டாச் சொல்லு."

அவர் வேலை செய்கிற விதமே தனி. வயர்களைப் பொருத்தி, பழையதையும் புதியதையும் இணைத்து, கொப்பி பண்ணும் இடம்வரை கொண்டுவந்து தந்துவிட்டுக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். முதுகு திரைக்கு, முகம் வாசலுக்கு. மடியில் ஒரு சுளகு. முருங்கையிலை ஆய்வார், அல்லது அரிசியில் கல் பொறுக்குவார். ஃபோல்டரைத் திறக்கிறதும் எது போகும், எது நிற்கும் என்று முடிவு செய்கிறதும் நாங்கள்தான். இடையிடையே, "எவ்வளவு போயிட்டு?" என்று வாசலைப் பார்த்தபடி கேட்பார். சிக்கினால், "படத்த மூடு, மூடிட்டுச் சொல்லு" என்பார். மூடினேன் என்று இரண்டு தரம் சொன்னபிறகுதான் திரும்புவார்.

என்னிடம் 'சும்மா' என்று பேர் வைத்த ஒரு ஃபோல்டர் இருந்தது. பேரை வாசித்துக் காட்டியபோது, "அது போகணுமா?" என்றார்.

"அது சும்மா, ராத்தா."

"சும்மா எண்டா ஏன் புள்ள பேர் வெச்ச?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்திலேயே திறந்தேன். கம்பஸ் காலத்தில் வானொலி அறிவிப்பாளராக வேண்டுமென்று ஆசைப்பட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு செய்தி வாசித்துப் பதிந்த குரல்கள். எங்கும் அனுப்பவில்லை. வீட்டில் சொல்லவுமில்லை. ஒன்றைத் தட்டினேன். "வணக்கம் நேயர்களே" என்று என் இளங்குரல் அறை முழுக்கக் கேட்டதும் ராத்தா சுளகைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடியே போய்விட்டார். நான் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, மூக்கைச் சிந்தி, கூப்பிடும்வரை அவர் வரவில்லை. வந்தபோது கையில் பிளேன் டீ இருந்தது. என்ன அது என்று கேட்கவேயில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த டீயைக் குடித்தபோதுதான். அதன்பிறகு லெப்டொப் இல்லாமலும் அந்த வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினேன்.

"கண்ணுக்கும் நோன்பு இருக்கு" என்பார். அமானிதம் என்று எங்களில் ஒரு சொல் உண்டு. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதைத் திருடாமல் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ராத்தாவுக்கு அது போதாது. மூடியைத் தூக்கிப் பார்த்தாலே அரைவாசி திருடின மாதிரி என்பார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப்பார்த்து, "இது ஆருட லெப்டொப் ராத்தா? அந்த மிட்வைஃப்டயா?" என்று கேட்பாள்.

"உங்கடயா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு?"

அவ்வளவுதான் பதில். ஊரில் அவருக்கு வாய்க்கொழுப்பு என்ற பேர் வந்தது இப்படித்தான்.

புருஷன்மார் வருவார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்க வருகிறது. மனைவி லெப்டொப் கொண்டுபோய் மாற்றி வந்த அடுத்த நாள், புருஷன் தனியாக வந்து முற்றத்தில் நிற்பான். பெரிய தாடி, இஸ்திரி போட்ட சேர்ட். ஒரு தரம் நான் உள்ளே இருந்தபோதே ஒருவர் வந்தார். மனைவியின் லெப்டொப்பில் இருந்ததை ஒரு பென் டிரைவில் போட்டுத் தரவேண்டுமாம். அவளுக்குத் தெரியத் தேவையில்லையாம்.

"என்ட கிட்ட ஒண்டும் இல்ல தம்பி. பொண்டாட்டிட்டக் கேளுங்க."

"மார்க்கத்தில புருஷனுக்கு உரிமை இருக்கு, தெரியுமா?"

"ஓம், இருக்கு. ஒருத்தர ஒருத்தர் துருவித் துருவி வேவு பாக்க வேணாம் எண்டும் அதே மார்க்கத்திலதான் இருக்கு. அத ஓதக்குள்ள நித்திரையா?"

அந்த மனுஷன் படலையை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் ஒரு கதை உலாவியது: கொம்பியூட்டர் ராத்தா பெண்களின் கள்ளத்தனத்துக்கெல்லாம் காவல் இருக்கிறாளாம். திறக்க மறுத்ததற்கு இந்தப் பட்டம். திறந்து காட்டியிருந்தால் என்ன பட்டம் கொடுத்திருப்பார்களோ!

இப்போது என் காக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். காக்கா என்றால் மூத்த அண்ணன். நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர். மற்றபடி நல்ல மனுஷன். சம்பந்தி வீடு என்று வந்தால் மட்டும் முதுகெலும்பு கழன்றுவிடும். அவருடைய ஒரே மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டுக்குக் கூரையும் போட்டாயிற்று. மாப்பிள்ளை கத்தாரில் இருந்தார். அங்கிருந்து வந்த ஒருவரிடம் பெண்ணுக்கென்று புது லெப்டொப் ஒன்று அனுப்பியிருந்தார். அது வந்த அன்றே மாப்பிள்ளையின் உம்மா கோல் எடுத்தார்: பழைய லெப்டொப்பை எங்கட சின்னவனுக்குத் தந்திடுங்க, கிளாஸுக்குத் தேவை. கொடுக்கல் வாங்கல் இரண்டு வீட்டுக்கும் உள்ளதுதானே, அதில் பிழை சொல்வதற்கில்லை. பிழை, காக்காவின் அவசரத்தில்.

மகள் ஒலுவில் கம்பஸில் படிக்கிறாள். பரீட்சை நேரம், ஹொஸ்டலில் நின்றாள். வெள்ளிக்கிழமை வருவாள். அதுவரை பொறுக்கக் காக்காவால் முடியவில்லை. சம்பந்தி கேட்டுவிட்டாரே! மகளுக்குக் கோல் எடுத்துப் பாஸ்வேர்ட் கேட்டார். "ராத்தாட்டத்தானே வாப்பா குடுக்கிறீங்க?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "ஓம் ஓம்" என்றிருக்கிறார். அதில் பொய் இல்லை. இரண்டு லெப்டொப்பையும் கொண்டு நேரே ராத்தாவிடம்தான் போனார்.

போன சுருக்கில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அந்தப் பொம்பிளைக்கு என்ன நெஞ்சழுத்தம்! என்னயே திருப்பி அனுப்பிட்டா. புள்ள வந்தாத்தான் திறப்பாவாம். நான் வாப்பா எண்டு சொல்றன், 'ஓம், வாப்பாதான். லெப்டொப் உங்கட இல்லயே' எண்டு சொல்றா!"

"சரியாத்தானே சொல்லியிருக்கா காக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும் வைங்க."

"வெள்ளிக்கிழமையா? அவங்க இண்டைக்குக் கேட்டவங்க. டவுன்ல கடை இல்லயா? உள்ளுக்க இருக்கிறத அழிச்சி போமட் அடிச்சிக் குடுக்க எவ்வளவு நேரம்?"

"கடையில குடுக்காதீங்க காக்கா. பொம்பிளைப் புள்ளட படம் இருக்கும்."

"படம் இருந்தா என்ன, அவனுகளுக்கு வேற வேல இல்லயா?" என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு வேலை இல்லாதவன் ஒருத்தன் காக்கா கொடுத்த கடையில் இருந்திருக்கிறான். கொஞ்ச நாளில் ஒரு படம் ஊர் வட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. சிநேகிதியின் மருதோன்றி நாளில் காக்காவின் மகள், என் மருமகள், தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கையைத் தூக்கி ஆடிக்கொண்டு நிற்கிற படம். அசிங்கமாக அதில் ஒன்றுமில்லை. வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். அதை அனுப்பியவர்களெல்லாம் கீழே 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று எழுதி அனுப்பினார்கள். பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டே பாவத்தைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிற கெட்டித்தனம் எங்கள் ஊருக்குத்தான் வரும்.

மாப்பிள்ளையின் உம்மா வந்தார். காக்கா வீட்டு ஹோலில் எல்லோரும் இருந்தோம். மச்சி, அதுதான் காக்காவின் மனைவி, பயத்தில் தட்டு நிறைய இனிப்புத் தொதல் வெட்டி வைத்திருந்தார். ஒருவரும் தொடவில்லை.

"இது எங்கால போனதெண்டு எனக்குத் தெரியும்" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. "குமர்ப் புள்ளைகள்ட லெப்டொப்பெல்லாம் அந்தக் கொம்பியூட்டர்காரிட்டத்தானே போற. எல்லாத்தயும் கொப்பி எடுத்து வெச்சிருக்கா போல. உங்கட புள்ளட லெப்டொப்பும் அவட்டத்தானே குடுத்த?"

காக்கா தரையைப் பார்த்தார். மகளின் படங்களை அந்நிய ஆண்களின் கையில் கொடுத்த வாப்பா என்று சம்பந்தி வீட்டில் பேர் வாங்குவதா, ஒரு ஏசல்காரியின் தலையில் போட்டுவிட்டுத் தப்புவதா? அதிக நேரம் யோசிக்கவில்லை.

"ஓம், அவட்டத்தான் குடுத்த" என்றார்.

"காக்கா!" என்றேன். மச்சி என் கையை நகம் பதியப் பிடித்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. அழுது அழுது கண் வீங்கிய என் மருமகள் வந்து நின்றாள். வாப்பாவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மாவைப் பார்த்துத்தான் கதைத்தாள்.

"இல்ல மாமி. ராத்தா வாங்கவே இல்ல. நான் இல்லாமத் திறக்கமாட்டன் எண்டு திருப்பி அனுப்பிட்டா. வாப்பா டவுன்ல கடையிலதான் குடுத்த. கலியாணம் வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லுங்க. அவட பேரச் சொல்லாதீங்க."

இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த தைரியத்தில் ஒரு துளி அந்த ஹோலில் இருந்த பெரியவர்களுக்கு இருக்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா டீயைக் கையில் எடுத்தார். மெதுவாகக் குடித்தார். கூரை போட்ட புது வீடு யன்னலால் தெரிந்தது.

"சரி, வீட்டுக்க நடந்தது வீட்டுக்க இருக்கட்டும்" என்றார். "கலியாணத்த ஏன் நிப்பாட்டுவான்? எங்கட மானமும் உங்கட மானமும் இனி ஒண்டுதானே. ஊர் நினைக்கிறத நினைச்சிட்டுப் போகட்டும்."

காக்கா பெருமூச்சு விட்டார். மச்சி தொதல் தட்டை நீட்டினார், மாப்பிள்ளையின் உம்மா ஒரு துண்டு எடுத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி முற்றத்தில் வீச வேண்டும் போல இருந்தது.

அங்கிருந்து நேரே ராத்தாவிடம் போனேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நல்லது செய்ய வருகிறவர்கள்தான் பிந்துவார்கள். கெட்ட செய்தி சொல்ல வருகிறவர்கள் செருப்பில்லாமலும் ஓடி வருவார்கள்.

"ராத்தா, நீங்க வாயத் திறந்து சொல்லுங்க. அந்த லெப்டொப் என்ட கைக்கு வரவே இல்லயெண்டு சொல்லுங்க. நான் சாட்சி, புள்ளயும் சாட்சி."

அவர் சுளகிலிருந்து தலை தூக்கவில்லை.

"இது வரல்ல எண்டு நான் சொன்னா, அப்ப வந்தது எது எதெண்டு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்ற?"

"அதுக்கு ஒண்டும் சொல்லாதீங்க."

"இதுக்குச் சொல்லி அதுக்குச் சொல்லாட்டி, அதுல என்னமோ இருக்கெண்டு ஆகும். எத்தின புள்ளைகள் வந்து இந்தக் கதிரையில இருந்திருக்குதுகள்! ஒண்டுக்குச் சொன்னா எல்லாத்துக்கும் சொல்ல வேணும். எனக்கு ஏலா."

"அப்ப உங்கட பேர்?"

"என்ட பேருக்கு என்ன, நானா படத்துல ஆடினன்?" என்று சொல்லி ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார். அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னிலும் சொன்னேன்: ராத்தா அந்த லெப்டொப்பைத் தொடவே இல்லை, என் காக்காதான் கடையில் கொடுத்தார். "நெருப்பில்லாமப் புகையுமா டீச்சர்?" என்றார் ஒருவர். நெருப்பு எங்கே என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்! இன்னொருவர், "சொந்தக் காக்காவயே இப்பிடிக் காட்டிக் குடுக்கலாமா?" என்றார். உண்மையைச் சொன்னால் அதற்குப் பேர் காட்டிக் கொடுப்பது. காக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். என் ஸ்டாஃப் ரூமில் மட்டும் ராத்தாவின் பிளேன் டீயைக் குடித்தவர்கள் எத்தனை பேர்! ஒருத்தியாவது வாய் திறந்து, "எனக்குத் தெரியும், அவ திரும்பியும் பாக்கமாட்டா" என்று சொன்னாளா? சொன்னால், தானும் லெப்டொப் கொண்டு போனது தெரிந்துவிடுமே. ராத்தா அவர்களுக்காக மூடிய வாய் வேறு. இவர்கள் தங்களுக்காக மூடிய வாய் வேறு.

பெண்கள் வருவது நின்றது. வந்த சிலரும் லெப்டொப்போடு வரவில்லை. படலையடியில் நின்று, "ராத்தா, எங்கட படம் உங்கட கிட்ட இருந்தா அழிச்சிருங்க, அல்லாஹ்வுக்காக" என்று அழுதார்கள். ஒருத்தி அவருடைய காலைப் பிடிக்கப் போனாள். நான் அப்போது அங்கே இருந்தேன். யார் ஏசினாலும் திருப்பி ஏசுகிற ராத்தா அன்றைக்கு ஏசவில்லை. "என்ட கிட்ட ஒண்டும் இல்ல மகள். போ, அழாமப் போ" என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு நெடுநேரம் சுளகைக் கையில் எடுக்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

என் மருமகளின் கலியாணம் நடந்தது. புது வீட்டில் குடியும் வைத்தார்கள். நான் ஒரு மூலையில் இருந்து சோறு தின்றுவிட்டு வந்தேன். கலியாண அழைப்பு ராத்தாவுக்குப் போகவில்லை. மருமகள் தானே போய் அவரைக் கண்டு துஆ வாங்கிக்கொண்டு வந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

அதன்பிறகு ஒரு பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் இருந்து சும்மா கதைத்துக்கொண்டிருந்தோம். த்ரீவீலர் ஒன்று ஒழுங்கை முனையில் நின்றது. வீட்டு வாசல்வரை வராமல் அங்கேயே இறங்கி, முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் விறுவிறென்று நடந்து வந்தார். உள்ளே நுழைந்து முகத்திரையைத் தூக்கினார். மாப்பிள்ளையின் உம்மா.

என்னைக் கண்டதும் சலாம் பாதியில் நின்றது. அபாயாவின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பையை எடுத்து மேசையில் வைத்தார். லெப்டொப்.

"என்ட மகள்ட லெப்டொப்" என்றார் ராத்தாவைப் பார்த்து. "பழசு. புதுசும் கொண்டுவந்திருக்கன். இதுல... வேற ஆருட்டயும் குடுக்கப் பயமா இருக்கு ராத்தா. உங்கட்ட எண்டா நம்பிக் குடுக்கலாம்."

எனக்கு உச்சி குளிர்ந்து, பிறகு கொதித்தது.

"நம்பிக் குடுக்கலாமா?" என்று எழும்பினேன். "ஊரெல்லாம் இவட பேர் நாறக்குள்ள இந்த நம்பிக்கை எங்க இருந்திச்சி? புள்ள உங்கட முன்னால வெச்சிச் சொன்னாளே! கேட்டுட்டுத் தொதல் திண்டீங்களே! எல்லாம் தெரிஞ்சிதானே இப்ப முகத்த மூடிட்டு வாறீங்க? முதல்ல றோட்டுல இறங்கி, நாலு பேருக்கு முன்னால, இவ குத்தமில்லாதவ எண்டு சொல்லுங்க. சொல்லிட்டு வந்து இந்தக் கதிரையில இருங்க."

அந்த மனுஷி பையின் காதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. ராத்தா இப்போது பேசுவார், அத்தனை மாதம் உள்ளே வைத்திருந்ததையெல்லாம் கொட்டுவார், அந்தப் பையைத் தூக்கி முற்றத்தில் வைப்பார் என்று காத்து நின்றேன்.

ராத்தா ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டார். விசிறியைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ வெளியில போ புள்ள."

"நானா?"

"ஓம். அவட சாமான் திறக்கப் போறம். நீ இருக்க ஏலா."

"ராத்தா, நான் உங்களுக்காக..."

"தெரியும்" என்றார். குரலில் ஏசலே இல்லை. "போ."

போனேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. முற்றத்து மணலில், வெயிலில் நின்றேன். உள்ளே அந்த மனுஷி அழத் தொடங்கியது கேட்டது. அதன் மேல் ராத்தாவின் குரல்.

"பயப்பிடாதீங்க. இதுல என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரிய வராது."

தெரிய வரவுமில்லை. அடுத்த வருடம் ராத்தா வீட்டைப் பூட்டிவிட்டுப் புத்தளத்தில் இருக்கிற மகளிடம் போய்விட்டார். அந்த லெப்டொப்புக்குள் என்ன இருந்ததென்று இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியாது. என் மருமகளின் படத்தை யார் விட்டது என்று கேட்டுப் பாருங்கள், எல்லோருக்கும் தெரியும்: கொம்பியூட்டர் ராத்தா.